முன் சக்கரம் அகலமாக்கினீர்களா? எங்கே உரசுகிறது, எதை அளக்க வேண்டும்

ஹெரால்டு, பத்மினி, அம்பாசடர் மாதிரி பழைய கார் வைத்திருப்பவர்கள் முன்னால் அகல ரிம்மும் அகல டயரும் போட்டுவிட்டு, உரசல் சத்தத்தோடு திரும்பி வரும்போது சொல்வது பெரும்பாலும் இதுதான்: "வெளியில எடம் தாராளமா இருந்துச்சுண்ணே." இருந்திருக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் போகிறதா என்று பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். ஆனால் இடிப்பது உள்பக்கம். அதுவும் நேராக நிற்கும்போது இல்லை, ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து, ஸ்பிரிங் அமுங்கி இருக்கும் நிலையில். கடைக்காரர் ரிம் அகலத்தைச் சொல்லி விற்பார். நீங்கள் கேட்க வேண்டிய அளவு வேறு: ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையப் பகுதியில்) உட்காரும் முகத்திலிருந்து ரிம் எவ்வளவு உள்ளே போகிறது என்பது. அதற்குப் பெயர் பேக்ஸ்பேஸ்.

கீழே உள்ளதை உங்கள் வண்டி காட்டும் அறிகுறியை வைத்துப் படியுங்கள். இன்னும் ரிம் வாங்காதவர்கள் முதல் பகுதியை மட்டுமாவது முழுசாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

முழுசாக ஒடித்தால் மட்டும் உரசுகிறது

பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்துகளில் வண்டி திருப்புகிறவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்துவிடும். ஹெரால்டில் இன்னும் சீக்கிரம். வண்டலூரில் தயாரான அந்த வண்டியின் அடிப்படை இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பதே அதன் பெருமை. அவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்ப, சக்கரம் மற்ற கார்களைவிட அதிகமாகவே ஒடிய வேண்டும். அகல டயர் போட்டால் அந்தப் பெருமைதான் முதலில் வம்புக்கு வரும்.

எங்கே தொடுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். டயரின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் ஈரச் சுண்ணாம்பைப் பட்டையாகத் தடவுங்கள். வண்டியை மெதுவாக நகர்த்தி, இடது பக்கம் முழுசாக ஒரு வட்டம், வலது பக்கம் முழுசாக ஒரு வட்டம் போடுங்கள். சுண்ணாம்பு ஒட்டிய இடம்தான் குற்றவாளி. இடதுபக்கம் ஒடித்தால் இடது டயரின் பின்புற உள்விளிம்பு சேசிஸ் சட்டத்தை நோக்கிப் போகும், அதன் முன்புற வெளிவிளிம்பு மட்கார்டு மடிப்பை நோக்கி வரும். அதே நேரத்தில் வலது டயரின் முன்புற உள்விளிம்பு ஆன்டி-ரோல் பார் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) பக்கம் போகும், பின்புற வெளிவிளிம்பு மட்கார்டின் பின்முனைக்கு வரும். வலதுபக்கம் ஒடித்தால் எல்லாம் தலைகீழ். ஆக ஒரு டயருக்கு நாலு இடம் பார்க்க வேண்டும். பலரும் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இனி அளவு. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பட்டை, ஒரு சைக்கிள் ஸ்போக், ஸ்டீல் ஸ்கேல் போதும்.

பட்டையின் ஒரு முனையில் ஹப் ஸ்டட்டுகள் (வீல் நட்டு ஏறும் போல்ட்டுகள்) நுழையும்படி துளை போட்டு, வீல் நட்டாலேயே இறுக்குங்கள். பிரேக் டிரம் இருக்க வேண்டும். ரிம் டிரம்மின் முகத்தில்தான் உட்காருகிறது, டிரம்மைக் கழற்றிவிட்டு அளந்தால் அதன் தடிமன் அளவுக்குக் கணக்கு தப்பும். பட்டையின் நீளம், போடப்போகும் டயரின் ஆரத்துக்குச் சமம். 13 அங்குல ரிம் என்றால் ஹப் மையத்திலிருந்து 180 மி.மீ. தூரத்தில் ஒரு துளை, அது ரிம் விளிம்பு. 240-ல் இன்னொன்று, அது டயரின் விலா, அதாவது பக்கச்சுவர். 280-ல் மூன்றாவது, அது டயரின் தோள், அதாவது தரையைத் தொடும் பகுதியின் ஓரம். ஹப் சுழலும்போது பட்டையும் கூடவே சுழலும், அதனால் சுற்றிலும் எந்த இடத்தையும் பிடிக்கலாம். ஸ்போக்கைத் துளை வழியாக உள்ளே தள்ளி, ஏதாவது தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, பட்டையின் வெளிமுகத்தில் நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்து அளங்கள். அதிலிருந்து பிளைவுட்டின் 12-ஐக் கழித்தால் வருவது ஹப் முகத்திலிருந்து உள்ளே இருக்கும் காலி இடம்.

நேராக ஒருமுறை, இடது ஒடிப்பில் ஒருமுறை, வலது ஒடிப்பில் ஒருமுறை. இந்த மூன்றையும் சக்கரம் தொங்கும் நிலை, வழக்கமாக நிற்கும் நிலை, பம்ப் ரப்பர் (ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது அடி வாங்கும் ரப்பர்) அமுங்கும் நிலை என்று மூன்று உயரத்திலும் எடுக்க வேண்டும். வந்த எண்களில் மிகச் சின்னதுதான் உங்கள் எண், அதைத் தாண்டி ரிம்மோ டயரோ உள்ளே போகக் கூடாது. மற்றதெல்லாம் அலங்காரம்.

மூன்றாவது உயரத்துக்கு ஸ்பிரிங்கைக் கழற்றினால்தான் முழுசாக அமுக்க முடியும். ஸ்பிரிங் இருக்கும்போது ஜாக்கியால் ஆர்மை (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கையை) தூக்கினால் பாதி வழியிலேயே வண்டி தாங்கியை விட்டுக் கிளம்பிவிடும். காயில் ஸ்பிரிங்கைச் சரியான கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றாதீர்கள். பிய்த்துக்கொண்டு வந்தால் எலும்பை உடைத்துவிடும். அந்த வேலையைப் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, ஸ்பிரிங் இல்லாத அந்த நேரத்தில் நீங்கள் போய் அளவெடுத்துக்கொள்ளுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் தரை மணலாக இருக்கும் வீடுகளில் ஜாக்கிக்கும் தாங்கிக்கும் அடியில் கனமான பலகை போட மறக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடுவது எந்தத் தரையிலும் கூடாது.

ஹெரால்டுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அதன் பழைய டயர் 5.20-13. அகலம் சுமார் 132 மி.மீ., நடுக்கோட்டிலிருந்து பாதி 66. அதற்குப் பதில் 5ஜே (5 அங்குல அகல) ரிம்மில் 175/70 ஆர்13 (175 மி.மீ. அகலம், விலாவின் உயரம் அதில் 70 சதவீதம், 13 அங்குல ரிம்) போட ஆசை என்று வையுங்கள். அதன் அகலம் சுமார் 177, பாதி 88. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறாவிட்டால் உள்ளே 22, வெளியே 22 கூடும். முழு ஒடிப்பில் பழைய டயரின் விலாவுக்கும் சேசிஸுக்கும் நடுவே 20 மி.மீ. இருந்தது என்றால் டயர் இரும்புக்குள் போக வேண்டியிருக்கும். அந்த 20-லும் 10-ஐக் காலியாக விட்டாக வேண்டும், ஏனென்றால் ஓடும்போது புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்) நசுங்கும், டயர் பக்கவாட்டில் பிதுங்கும். ஆக உள்ளே கூட்டக்கூடியது 10 மட்டும். மீதி 12-ஐ வெளியே தள்ள வேண்டும், அதாவது ஆஃப்செட் 12 குறைந்த ரிம் வேண்டும். இப்போது வெளிப்பக்கம் 22-ம் 12-ம் சேர்ந்து 34 கூடுகிறது. மட்கார்டு மடிப்புக்கு அந்த 34 இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆசை கொஞ்சம் அடங்கும்.

என்னைக் கேட்டால் ஹெரால்டுக்கு 4.5ஜே ரிம்மில் 155/80 ஆர்13 போதும். பாதி அகலம் 78 அல்லது 79, கூடுவது ஒரு பக்கம் 12 அல்லது 13 தான். குறுக்குவிட்டமும் சுமார் 578, பழைய டயரின் 580-க்கு ஒட்டியே வருகிறது. 165/80 போட்டால் 594 ஆகிவிடும். டயர் எல்லாப் பக்கமும் 7 மி.மீ. வளர்ந்தது மாதிரி, தொடாத இடத்தையெல்லாம் தொடும். பத்மினியின் 5.20-14-க்கும் இதே யோசனைதான். 175/70 ஆர்14 சுமார் 600 வரும், 185/70 ஆர்14 சுமார் 615. அகலத்தை மட்டும் பார்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல்பக்கமும் உரசிக்கொண்டு வருகிறார்கள்.

கையில் இருக்கும் ரிம்மின் பேக்ஸ்பேஸ் தெரியாவிட்டால், முகம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, பின்விளிம்பின் மேல் நேரான சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளங்கள். ஆஃப்செட் வேண்டுமானால் அதிலிருந்து ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழியுங்கள். மொத்த அகலம் என்பது ரிம்மில் அடித்திருக்கும் எண் அல்ல. 5ஜே என்பது டயர் உட்காரும் இடத்தின் 127 மி.மீ. மட்டும், விளிம்போடு விளிம்பு அளந்தால் சுமார் 152 வரும். இந்த ஓர் அங்குலத்தை மறப்பதால்தான் 12 மி.மீ. பிசகு வருகிறது, அப்புறம் "கணக்கு சரியாத்தான் போட்டேன்" என்ற புலம்பலும்.

ஏற்கெனவே வாங்கிப் போட்டாகிவிட்டது, உரசுகிறது என்றால்: முதலில் ஒரு சைஸ் ஒல்லியான டயர். அடுத்து ஆஃப்செட் குறைந்த ரிம். கடைசியாக, ரேக் ஸ்டீரிங் (பல் வெட்டிய கம்பி இடவலமாக நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் வகை) உள்ள வண்டிகளில் ரேக் முனையில் காலர் (வளையம்) போட்டு ஒடிப்பைக் குறைக்கலாம். இரண்டு பக்கமும் சமமாகப் போட வேண்டும், திரும்பும் வட்டம் பெரிதாவதை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். சேசிஸையோ ஸ்டீரிங் ஆர்மையோ கிரைண்டரால் தேய்த்து இடம் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பள்ளத்தில் இறங்கினால் மேலே 'டப்' என்று அடிக்கிறது

இது வெளிப்பக்கச் சிக்கல். ஆனால் ரிம்மைக் குறை சொல்வதற்கு முன் வண்டியின் உயரத்தைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, ஹப் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு மடிப்பு வரை இரண்டு பக்கமும் அளங்கள். நாற்பது ஐம்பது வருடம் ஓடிய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அம்பாசடர் என்றால் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகும் கம்பி) இறங்கியிருக்கும். பம்ப் ரப்பர் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பாதி வண்டிகளில் அது உதிர்ந்து போய் வெறும் தட்டுதான் இருக்கும். அந்த ரப்பர் இல்லாவிட்டால் பழைய ஒல்லி டயரும் அடிக்கத்தான் செய்யும்.

உயரம் சரியென்றால் மடிப்பிலிருந்து தூக்குகுண்டு தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் விலாவுக்கும் உள்ள தூரம்தான் வெளிப்பக்க இடம். ஹெரால்டில் இதைப் பானெட்டை மூடிக்கொண்டுதான் செய்ய முடியும். மட்கார்டு பானெட்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்வதால், உள்பக்கம் அளக்க அது வசதி, வெளிப்பக்கம் அளக்கும்போது அளக்க வேண்டிய பொருளே காணாமல் போயிருக்கும்.

மடிப்பை உள்ளே மடக்கி இடம் பண்ணுவது உண்டு. நம் வடசென்னைப் பக்கத்தில் அதற்கு முன் ஒரு சோதனை அவசியம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் அந்த மடிப்புதான் முதலில் துருப்பிடிக்கும். மேலே பெயிண்டு பளபளவென்று இருக்கும், உள்ளே பட்டி மட்டும் மிச்சம் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் உள்ளிருந்து அழுத்துங்கள். மெத்தென்று போனால் மடக்கும் வேலையை மறந்துவிட்டு டிங்கரைப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது

ரிம் இரண்டும் ஒன்றுதான் என்றால் வண்டி நேராக இல்லை. ஹெரால்டில் முதலில் பானெட் கீல்களைப் பாருங்கள். அவை நகர்த்தக்கூடியவை. யாரோ எப்போதோ பானெட்டை ஒரு பக்கமாகப் பூட்டியிருந்தால் ஒரு மட்கார்டு வெளியே, இன்னொன்று உள்ளே போயிருக்கும். ஸ்பேனரோடு வேலை முடியும்.

அது இல்லையென்றால் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் அளவெடுப்பதை நிறுத்திவிட்டுப் புஷ் மாற்றுங்கள். தேய்ந்த புஷ்ஷில் எடுத்த எந்த அளவும் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. அதுவும் சரியாக இருந்தால், சேசிஸில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எதிர்ப்பக்க ஹப்புக்குக் குறுக்காக அளங்கள். வித்தியாசம் வந்தால் பழைய விபத்து. அப்போது சின்ன எண் வரும் பக்கத்தை வைத்தே இரண்டு பக்கத்துக்கும் ரிம் வாங்க வேண்டும்.

நேராகப் போகும்போதே 'டிக் டிக்'

வேகத்தோடு சேர்ந்து சத்தமும் வேகமாகிறது என்றால், சக்கரம் சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏதோ தட்டுகிறது. பெரும்பாலும் பேலன்ஸ் பண்ண ரிம்மின் உள்விளிம்பில் மாட்டிய ஈயம், டை ராட் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எண்டையோ ஆர்மையோ தட்டும். ஈயத்தைப் பிடுங்கிவிட்டு ஒட்டும் வகை போடுங்கள். ஆர்மும் டை ராடும் சக்கரத்தோடு சேர்ந்தே அசைவதால் அவற்றுக்கு 5 மி.மீ. இடம் இருந்தாலும் ஓடும். அதற்குக் கீழே வேண்டாம். பிரேக் ஹோஸ் மட்டும் விதிவிலக்கு. அது வளைந்து நெளியும், இரண்டு ஒடிப்பிலும் டயரை எட்டவே கூடாது.

ஸ்டீரிங் கனமாகிவிட்டது, தடத்தில் இழுக்கிறது

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அழுத்திய பள்ளத்தடத்தில் வண்டி தானாகப் போய் விழுகிறது, வெளியே எடுக்க ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பார்கள். அகல டயர் கொஞ்சம் இப்படிச் செய்யத்தான் செய்யும். அளவுக்கு மீறினால் காரணம் ஆஃப்செட். சக்கரம் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால் அது டயரின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி விழும். ரிம்மை வெளியே தள்ளத் தள்ள அந்தத் தூரம் கூடும், அது நெம்புகோலாக வேலை செய்யும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்திலோ தண்ணீரிலோ இறங்கினால் ஸ்டீரிங் கையைப் பிடுங்குவது அதனால்தான். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியில் இந்த அடி நேராகத் தோளுக்கு வரும். வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

முதலில் காற்றும் டோ-இன்னும் (முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும் அளவும்) சரி பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் இழுத்தால், முதல் பகுதியின் கணக்குக்குத் திரும்பிப் போய், வெளியே தள்ளியதில் எவ்வளவு தேவையில்லாமல் தள்ளினோம் என்று பாருங்கள். உரசலுக்குப் பயந்து 12 போதும் என்ற இடத்தில் 25 தள்ளியிருப்பார்கள்.

60 கிலோமீட்டரில் நடுக்கம், நட்டு தளர்கிறது

பேலன்ஸிங் செய்தும் போகாத நடுக்கம் என்றால் ரிம் ஹப்பில் நடுவாக உட்காரவில்லை. ஸ்டட் வட்டத்தை, அதாவது ஸ்டட்டுகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டத்தை அளங்கள். 4 ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையத்துக்கு மையம். 5 ஸ்டட் என்றால் பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் மையத் தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்கள். ஹெரால்டுக்கு 95.25 மி.மீ. இப்போதைய பல சின்னக் கார்களின் அலாய் ரிம்முக்கு 100. நட்டை இறுக்கினால் ஏறுவது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் 2 மி.மீ.க்கு மேல் வளைந்து நிற்கும். லேத்துப் பட்டறையில் துளையை நீள்வட்டமாக்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். பழைய ரிம்மின் நட்டும் அலாயின் இருக்கையும் ஒரே வகையா, கூம்பா உருண்டையா என்பதையும் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் தளரும்.

ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டிருந்தால் நட்டு எத்தனை சுற்று பிடிக்கிறது என்று கையால் எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மறை பிடிக்க வேண்டும். எம்12 (12 மி.மீ.) ஸ்டட்டில் மறைக்கு மறை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் 8 சுற்று. ஹெரால்டின் 3/8 அங்குல ஸ்டட்டில் 9 சுற்று. 10 மி.மீ. ஸ்பேசர் ஒன்றே அந்த 9 சுற்றையும் விழுங்கிவிடும். நீள ஸ்டட் மாற்றாமல் ஸ்பேசர் போட்ட வண்டியில் நான் ஏறமாட்டேன்.

மழையில் பின்பக்கம் வழுக்குகிறது

சத்தமே இல்லாத ஆபத்து இதுதான், அதனால் யாரும் சக்கரத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். முன்னால் மட்டும் அகல ரேடியல், பின்னால் பழைய நைலான் (கிராஸ்-ப்ளை) டயர் என்று ஓட்டினால் முன்பக்கம் தரையை அழுத்திப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. ஜி.என்.டி. சாலையில் மழை ஈரத்தில் திடீரென்று பிரேக் போட்டுத் திருப்பினால் வால் முன்னால் வந்துவிடும். இரண்டு வகையையும் கலந்துதான் ஆக வேண்டும் என்றால் ரேடியல் பின்னால் இருக்க வேண்டும். நாலும் ரேடியலாக்குவதே முறை. பின்னாலும் அதே அகலம் என்றால் பின்பக்கத்துக்குத் தனியாக அளக்க வேண்டும். முன்பக்க எண்ணை அங்கே பயன்படுத்த முடியாது.

மற்றவை

டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தோள் அப்படியே இருந்தால் காற்று அதிகம், அல்லது ரிம் ஒல்லி. 175/70-க்கு 4.5ஜே-க்குக் குறைந்த ரிம் கூடாது. 185/65-க்கு 5ஜே-க்குக் குறையக் கூடாது. பழைய 3.5 அங்குல ரிம்மிலேயே 175-ஐத் திணித்தால் விலா பிதுங்கி, திருப்பத்தில் டயர் நழுவும். பழைய ரிம்களில் ட்யூப்லெஸ் டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது, ஆகவே உள்ளே ட்யூப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். திருவொற்றியூரில் டயர் ஆலையே இருந்தாலும் 5.20 ட்யூப் கேட்டால் கடையில் முழிப்பார்கள், கிடைக்கும்போது இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரிந்தால், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் கண்ணில் அதுதான் முதலில் படும். பழைய ரிம் ஒரு செட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருப்பது நல்லது. முன் டயர் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா என்று கேட்பார்கள். இந்த வண்டிகளில் அது கியர்பாக்ஸிலிருந்து ஓடுவது, பின் சக்கரத்தின் விட்டம் மாறினால்தான் மாறும்.